அழுக்காகாத துண்டுகள்

எங்கள் ஓட்டலில் ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு பச்சை அட்டை இருக்கும். துண்டைக் கம்பியில் தொங்கவிட்டால் ‘இன்னும் ஒரு நாள் இதையே வைத்துக்கொள்கிறேன்’ என்று அர்த்தம். தரையில் போட்டால் ‘மாற்றிக் கொடுங்கள்’ என்று அர்த்தம். கீழே ஒரு இலைப் படம், பூமியைக் காப்பாற்றியதற்கு நன்றி என்று ஒரு வரி. ஒரே துண்டால் இரண்டு நாள் துடைத்துக்கொண்டதற்கு இவ்வளவு பெரிய நன்றியா என்று நான் வாயைப் பிளந்தேன். நான் காய்கறி கழுவிய தண்ணீரில் வீடு துடைக்கிறவள். சோப்பு கரைந்து தகடாய்ப் போனால் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைக்கிறவள். நான் செய்தால் கஞ்சப்பிசினாறி, அறையெடுத்துத் தங்குகிறவர்கள் செய்தால் இலைப் படம். தெருக்குழாய் சொட்டினாலும் நின்று இறுக்கி மூடிவிட்டுத்தான் நகர்வேன், எனக்கு யாரும் அட்டை அடித்துக் கொடுத்ததில்லை.

சலவைப் பிரிவு ஓட்டலின் அடித்தளத்தில் இருந்தது. அட்டை வருவதற்கு முன் ஆறு பேர் இருந்தோம், ஒரு நாளைக்கு மெஷினில் பதினாலு லோடு ஓடும். அட்டை வந்த மூன்றாம் மாதம் அது ஒன்பதாகக் குறைந்தது, இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது நாலு பேர். மெஷின் ஓட்டுகிறவர், இஸ்திரிக்காரர், மடித்து அடுக்குகிற நான், மாடிகளுக்கு வண்டி தள்ளிக்கொண்டு போய் அழுக்குத் துணி அள்ளி வருகிற என் நாத்தனார். அவளுக்குப் புருஷன் சரியில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டான். அண்ணன் வீடே கதி என்று எங்களோடு வந்துவிட்டாள். அந்த அண்ணனோ, அதாவது என் கணவர், முதுகு போனதிலிருந்து நாற்காலியே கதி என்று இருக்கிறார். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடியது. அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் கீழே இறங்கி வந்தார். குரலை உயர்த்தவே மாட்டார். கழுத்தை அறுப்பதானாலும் ‘கொஞ்சம் நிமிருங்க’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அறுக்கிற ரகம்.

“எட்டு லோடுக்குக் கீழ போச்சுன்னா இன்னொருத்தரைக் குறைச்சாகணும். கடைசியா சேர்ந்தவங்கதான் முதல்ல போகணும். இது என் கையில இல்லை” என்றார்.

கடைசியாகச் சேர்ந்தவள் என் நாத்தனார். அந்த வாரம் ஏழு லோடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

யோசனை என்னுடையது. அதை நான் மறைக்கப்போவதில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் அவளைச் சுவரோரமாக அழைத்துப் போய்ச் சொன்னேன்.

“தொங்கிட்டிருக்கிறதை எடுத்துத் தரையில போடு. ஈரக் காலால ஒரு மிதி மிதி. போதும்.”

“பாவம் இல்லையா அண்ணி? அவங்க ஆசையா தொங்கவிட்டுட்டுப் போறாங்க.”

“தொங்கவிட்டப்பவே அவங்களுக்குப் புண்ணியம் வந்து சேர்ந்தாச்சு. நமக்குச் சம்பளம் வந்து சேர வேண்டாமா?”

அவள் சிரித்துவிட்டாள். அப்போதெல்லாம் நான் எது சொன்னாலும் சிரிப்பாள்.

காலை நடையில் வந்த துணியை நான் எண்ணுவேன். எட்டு லோடுக்கு எத்தனை குறைகிறது என்று கணக்குப் போட்டு, அவள் இரண்டாம் நடை கிளம்பும்போது விரலால் காட்டுவேன். ஒரு விரல் என்றால் ஒரு மாடி முழுக்க, இரண்டு விரல் என்றால் இரண்டு மாடி. அப்படி மிதித்து வந்தது எத்தனை என்று சோப்பு டப்பா அட்டையின் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வேன். அதற்கென்று நல்ல காகிதத்தையா பாழாக்க முடியும்? எண்ணுவது என் பாடு, மிதிப்பது அவள் பாடு. நான் ஒரு துண்டைக்கூட மிதித்ததில்லை.

சுத்தமான துண்டுகளை அழுக்காக்கித் துவைப்பது எனக்கும் உறுத்தத்தான் செய்தது. பிறவிக் குணம் எங்கே போகும்? மெஷின் ஓட்டுகிறவரிடம் கேட்டேன், எவ்வளவு தண்ணீர் வீணாகும் என்று.

“இதுல பாதி போட்டாலும் அதே தண்ணிதான், முழுசா போட்டாலும் அதே தண்ணிதான் அக்கா” என்றார் அவர். “வாசல்ல நாள் பூரா ஃபவுண்டன் ஓடுதே, அதை ஒரு நாள் நிறுத்தினா நம்ம டவல் எல்லாத்தையும் ஒரு மாசம் அலசலாம்.”

கணக்குப் பார்த்துச் சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா, தெரியாது. மனசுக்கு இதமாக இருந்தது, நம்பிக்கொண்டேன்.

மூன்று மாதம் எட்டு லோடு குறையாமல் ஓடியது. பிறகு நானூற்றுப் பன்னிரண்டு வந்தார். தங்குகிறவர்களை நாங்கள் அறை எண்ணால்தான் சொல்வோம். தனியாக வந்த வயதான அம்மா, மூன்று வாரத்துக்கு அறை எடுத்திருந்தார். தினமும் காலையில் துண்டை இரண்டாக மடித்து, ஓரம் பிசகாமல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு வெளியே போவார். திரும்பி வந்தால் புதுத் துண்டு இருக்கும். நாலாவது நாள் துண்டின் மூலையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டுப் போனார். நூல் காணாமல் போனது. மறுநாளும் கட்டினார், அதற்கு மறுநாளும் கட்டினார். பிறகு பச்சை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போய், “இந்த அட்டை பொய் சொல்லுதா, நீங்க பொய் சொல்றீங்களா?” என்று கேட்டாராம். ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிய எழுதப்போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. அந்த நல்ல மனுஷியை நான் வைத வசவுக்கு அளவே கிடையாது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லை. யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா அள்ளுறவங்க, மடிக்கிறவங்க ரெண்டு பேரையுமே எடுக்கிற மாதிரி ஆயிடும்.”

இரண்டு சம்பளமும் போவதற்கு ஒன்றாவது நிற்கட்டும் என்று நினைத்தேன். இப்படி நினைத்தேன் என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருக்கிறது. உண்மையில், என் சம்பளம் நிற்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

“என் நாத்தனார்தான் சார்” என்றேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் நானும் கூட்டு என்று அவருக்கு நூலளவு சந்தேகம்கூட வரக்கூடாதே. கீழே ஓடிப்போய் அந்தச் சோப்பு அட்டைகளை எடுத்து வந்து மேஜையில் அடுக்கினேன்.

“கவனிச்சுக் குறிச்சு வச்சேன் சார். சொந்தக்காரியாச்சே, எப்படிச் சொல்றதுன்னு தயங்கிட்டிருந்தேன்.”

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். “ஒரு நாளைக்குச் சராசரி எவ்வளவு வரும்?”

“அறுபத்துநாலு.”

“அதைக் கழிச்சா நிஜமா ஓட வேண்டியது ஆறு லோடா?”

“ஆறுகூட இல்லை சார். அஞ்சேமுக்கால்” என்றேன். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி சொன்னேன். அவர் அந்த எண்ணை எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி அனுப்பிவைத்தார்.

மத்தியானம் அவளைக் கூப்பிட்டார்கள். பத்தே நிமிஷத்தில் கீழே வந்து, ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டாள். மெஷின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி என் காதருகே வந்து சொன்னாள்.

“உங்க பேரை நான் சொல்லல அண்ணி. எல்லாம் என் யோசனைதான், அண்ணிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன். ஒருத்தராவது வேலையில இருந்தாத்தானே வீடு ஓடும்.”

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. சாகவில்லை. மீதியிருந்த விரிப்புகளை மடித்து முடித்தேன்.

ஒன்பதாவது நாள் நாங்கள் மூன்று பேரும் மேலாளர் முன்னால் நின்றோம். சலவைப் பிரிவையே மூடுகிறார்களாம். துணியெல்லாம் இனி ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு பெரிய சலவைக் கூடத்துக்குப் போகும், தினமும் இரண்டு தடவை லாரி வரும்.

“அஞ்சேமுக்கால் லோடுக்கு எதுக்கு ஒரு தனிப் பிரிவுன்னு மேலிடத்துல கேக்குறாங்க” என்றார். என்னைப் பார்த்து, “உங்க குறிப்புதான் ரொம்ப உதவியா இருந்தது” என்றார். அதையும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மெஷின்காரரும் இஸ்திரிக்காரரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“லாரி புகை விடாதா சார்?” என்று மெஷின்காரர் கேட்டார்.

“அது அவங்க கணக்குல வரும், நம்ம கணக்குல வராது.”

வெளியே வரும் வழியில், ஊழியர்கள் பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து ஒட்டியிருந்தார்கள். இப்போது துண்டை மாற்றுவதில்லை என்றும், ஒவ்வொருவரும் தன்னால் ஆனதைச் செய்தால் போதும் என்றும் எழுதியிருந்தார். நானும் என்னால் ஆனதைச் செய்துவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

வேலைநீக்கக் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. என்ன எழுதியிருந்தால் என்ன என்று அப்படியே கொண்டுபோய் என் கணவர் மடியில் போட்டேன். நாத்தனார் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழாதீங்க அண்ணி. வேற இடம் பார்ப்போம், ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்” என்றாள்.

என் கணவர் எதையும் சத்தமாகத்தான் படிப்பார். அன்றைக்கும் படித்தார். நாளொன்றுக்குச் சராசரியாக அறுபத்துநான்கு துண்டுகள் வேண்டுமென்றே அழுக்காக்கப்பட்டது தெரியவந்துள்ளதால், உண்மையான சலவை அளவைக் கருத்தில் கொண்டு பிரிவு மூடப்படுகிறது என்று இருந்தது.

“அறுபத்துநாலுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் நாத்தனார்.

“எண்ணியிருப்பாங்க” என்றார் அவர்.

“யாரு எண்ணுவா? எனக்கே தெரியாதே அண்ணா. அண்ணி விரலைக் காட்டுவாங்க, நான் போய் மிதிச்சுட்டு வருவேன். எண்ணிக்கை தெரிஞ்சது அண்ணிக்கு மட்டும்...”

அதோடு நிறுத்தினாள். என் கையைப் பிடித்திருந்த கை விலகியது. என் கணவர் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார், இந்த முறை வாய்க்குள்ளேயே.

அவள் திரும்பிப் போய் வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். குரலில் கோபமே இல்லை.

“அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது சார்னு நான் கையைக் கூப்பிச் சொன்னேன். அப்போ அந்த ஆள் சிரிச்சான். எதுக்குச் சிரிச்சான்னு இத்தனை நாளா யோசிச்சிட்டிருந்தேன்” என்றாள்.