சாட்சிக் கையெழுத்து

"இந்த வளைவு எதுக்குண்ணே?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டாள் தங்கை.

அண்ணன் கையிலிருந்த சின்னத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தையல் இயந்திரத்தின் ஊசி விரலில் இறங்காமல் தடுக்கும் தகடு அது. அதற்குத்தான் காப்புரிமை கேட்கப் போகிறார்கள். கண்டுபிடித்தவரிடமே ஒவ்வொரு மடிப்புக்கும் காரணம் கேட்டு எழுதிக்கொள்வது காப்புரிமை வழக்கறிஞரின் முதல் வேலை. தங்கை அதற்கான தேர்வில் தேறி நான்கு மாதம்தான் ஆகிறது. வீட்டுக்காக எழுதும் இதுதான் அவளுக்கு முதல் விண்ணப்பம்.

"அது... ஒரு பிடிமானத்துக்குத்தான்."

"பிடிமானத்துக்கு இல்ல. துணி தடிமனா வந்தா தகடு தானா மேல எழும்பணும்ல, அதுக்கு." அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் அம்மா.

யாரும் கேட்காமலே அதைச் செய்தவள் அண்ணிதான். வீட்டிலிருந்தே துணி தைக்கிறவள். ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்த மறுநாள், பழைய டப்பா மூடி ஒன்றை வெட்டி வளைக்க ஆரம்பித்தாள். பதினாறு தகடு வீணாகிப் பதினேழாவது சரியாக வந்தது. அண்ணன் செய்ததெல்லாம், அதைத் தன் பழுதுபார்க்கும் கடையில் மாட்டிவைத்து, வந்தவர்களிடம் "நம்ம ஐடியா" என்று மார்தட்டியதுதான்.

தங்கைக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். அவள் குறிப்பேடு முழுக்க அண்ணி சொன்னவைதான். ஆனாலும் 'கண்டுபிடித்தவர்' என்ற கட்டத்தில் அண்ணன் பெயரைத்தான் தட்டச்சு செய்திருந்தாள். "கோர்ட்டுக்கே போகாத வக்கீலா?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தபோது அவளுக்காகச் சண்டை போட்டுப் படிக்க வைத்தவன் அவன் ஒருவன்தான். அந்த நன்றி வாயைக் கட்டிப்போட்டது. தலை நிமிராமல் தாள்களை அடுக்கினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அண்ணன் கையெழுத்துப் போட்டான். சாட்சி ஒன்று வேண்டும்.

"வெளியாளு எதுக்கு? மருமக போடட்டும்," என்றாள் அம்மா தாராளமாக.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை வாங்கினாள். உடனே போடவில்லை. முழுவதையும் படித்தாள். 'இதை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நானே' என்ற வரியில் அவள் விரல் நின்றது.

"என்னங்க, உங்க பேரையே போட்டுக்கோங்க. நான் தடுக்கல. ஆனா அது நெசம்னு சாட்சி சொல்ல என்னால ஆகாது."

"புருஷன் பேரு வந்தா உன் பேரு வந்த மாதிரிதானே!" என்றாள் அம்மா.

"அப்போ என் பேரைப் போடுங்க அத்தை. அவரு பேரு வந்த மாதிரிதானே இருக்கும்."

அண்ணன் சுவரைப் பார்த்தான். அண்ணி பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

தங்கை அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தாள். "மன்னிச்சிருண்ணே. பொய்யை எழுதிக் கொடுக்கவா நீ என்னைப் படிக்க வச்ச?"

கணினியில் அண்ணன் பெயரை அழித்தாள். விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. பதினோரு வருடம் ஒரே வீடு. தேர்வுக்குப் படித்த நாளெல்லாம் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தவள் அண்ணி. கல்யாணப் பத்திரிகையில் ஒருமுறை பார்த்த பெயர், இப்போது பாதிதான் நினைவுக்கு வந்தது. அண்ணனைக் கேட்கலாமென்றால், அவனும் "இந்தா" என்றுதான் கூப்பிடுவான்.

எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றாள்.

"அண்ணி... உங்க முழுப் பேரு என்ன?"

அண்ணி குழாயை மூடினாள்.

"மெதுவா சொல்றேன். தப்பில்லாம எழுதிக்கோ."