ஆறு செவ்வாய்க்கிழமைகள்

வியாழக்கிழமை சாயங்காலம் நடந்ததை, நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். எனக்கு ஞாபகம் தப்பாது. ஆனால் ஞாபகத்தில் இருப்பதை எனக்குச் சாதகமாக அடுக்கிவிடுவேனோ என்று பயம். அதனால் மணியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆறேகால். நான் வகுப்புக்குள் நுழைந்தபோது முதல்வர் தோன் அபெலார்தோ என் மேஜைப் பக்கத்திலேயே நின்றிருந்தார். குளிருக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். ஆனாலும் நெற்றியில் வேர்வை.

"நில்டா, நோட்டு கொண்டுவந்தியா?"

"கொண்டுவந்தேன் சார்."

"ஃபேர் நோட்டுதானே?"

"ஃபேர் நோட்டுதான் சார்."

எங்கள் ஊர் குஸ்கோவில் முதல் வகுப்பிலிருந்தே எங்களுக்கு இரண்டு நோட்டு. வகுப்பில் கிறுக்குவது ரஃப் நோட்டு. வீட்டுக்குப் போய், தலைப்பு சிவப்பிலும் மற்றது நீலத்திலுமாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மாற்றி எழுதுவது ஃபேர் நோட்டு. மதிப்பெண் அதற்குத்தான். எனக்கு எப்போதும் இருபதுக்கு இருபது. ஹோட்டல் சலவை அறையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆங்கிலம் படிக்க வரும் இந்த இருபத்திரண்டு வயதிலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

அன்று கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் வருவதாக இருந்தது. பாடத்திட்டப்படி வகுப்பு நடக்கவில்லை என்று அவர் கண்டுபிடித்தால் எங்கள் ஆசிரியை மிஸ் மகாலியின் ஒப்பந்தம் முடிந்துவிடும். போன வாரமே முதல்வர் இதை எங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

பாடத்திட்டப்படி வகுப்பு நடக்கவில்லை என்பது உண்மை. எங்கள் புத்தகத்தில் பதினான்கு பாடங்கள். மே கடைசியில் எட்டை முடித்திருந்தோம். எட்டுப் பாடத்தையும் மனப்பாடமாக ஒப்பிப்போம். ஆனால் தெருவில் ஒரு வெளிநாட்டுக்காரர் வழி கேட்டால் பதினோரு பேரும் செருப்பைப் பார்ப்போம். ஜூன் முதல் செவ்வாயன்று மிஸ் மகாலி புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு எங்களைப் பெரிய சதுக்கத்துக்குக் கூட்டிப்போனார். ஆளுக்கு ஒரு கேள்வி. யாரையாவது நிறுத்திக் கேட்க வேண்டும். வந்த பதிலில் எது புரியவில்லையோ அதை எழுதிவர வேண்டும். புரியாததுதான் வியாழக்கிழமைப் பாடம். ஆறு வாரம் இப்படியே போனது.

"ஆறு பாடம் பாக்கி, ஆறு செவ்வாய்க்கிழமை போயிருக்கு," என்றார் முதல்வர் போன வாரம். "செவ்வாய்க்கு ஒண்ணா அந்தத் தேதி போட்டு எல்லாரும் ஃபேர் நோட்டுல எழுதிருங்க. நில்டாவோடது மேல இருக்கட்டும்."

"வேண்டாம் சார்," என்றார் மிஸ். "அவரு கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

"நீங்க பதில் சொல்ற லட்சணம் எனக்குத் தெரியும் மிஸ். அடுத்த நிமிஷம் வெளியில நிப்பீங்க."

மிஸ் எங்களைப் பார்த்து, "யாரும் எழுதாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் எழுதினோம். அவர் போய்விடக் கூடாது என்றுதான் எழுதினோம் என்று அப்போது நினைத்தேன். எழுதச் சொன்னால் எழுதிவிடுகிற பழக்கமும் அதில் கலந்திருக்கலாம். சரியாகத் தெரியவில்லை.

ஆறு நாற்பது. மேற்பார்வையாளர் வந்தார். டாக்டர் பெல்லிடோ. அவர் மருத்துவர் இல்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் யாரையும் நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். வருகைப் பதிவேட்டை வாங்கி மேஜைமேல் வைத்தார். நேராக என் நோட்டை எடுத்தார்.

"அடேயப்பா! அச்சடிச்ச மாதிரி இருக்கே. யாரோடது?"

கையைத் தூக்கினேன்.

"எங்க வேலை செய்யற?"

"ஹோட்டல் சலவை அறையில, டாக்டர்."

"அதான் நோட்டுலயும் ஒரு சுருக்கம் இல்ல."

முதல்வர் பெரிதாகச் சிரித்தார். டாக்டர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு பக்கம் புரட்ட ஆரம்பித்தார். மிஸ் மகாலி ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு என்னைவிட ஆறேழு வயதுதான் அதிகம் இருக்கும். அன்று இன்னும் சின்னவராகத் தெரிந்தார்.

எழுத்து எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ஒன்பதாவது பாடம், ஜூன் 3. பத்தாவது, ஜூன் 10. பதினொன்று, ஜூன் 17. அடுத்த தேதி அப்போதுதான் மனதில் வந்தது.

ஜூன் 24.

குஸ்கோவின் நாள். சூரியத் திருவிழா. அன்றைக்கு இந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லை, அலுவலகம் இல்லை, மத்தியானம்வரை ரொட்டிகூடக் கிடைக்காது. நானே அன்று ஊருக்கு மேலே பழைய கோட்டைப் பக்கம் புல்மேட்டில் உட்கார்ந்து, மண்ணைக் குவித்துச் சுட்ட உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தேன். பிறகு எப்படி எழுதினேன்? நோட்டின் பின்னட்டையில் இருந்த நாட்காட்டியில் ஸ்கேல் வைத்துச் செவ்வாய்களை எண்ணினேன். அது தலைநகர் லிமாவில் அச்சானது. லிமாக்காரர்களுக்கு ஜூன் 24 வெறும் செவ்வாய்க்கிழமை. சாயம் ஒட்டாதபடி வெள்ளை, கலர் என்று துணி பிரிப்பதுபோல, யோசிக்காமல் ஆறு தேதிகளைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

மற்றவர்கள் என் நோட்டைப் பார்த்துத்தான் தேதி எழுதினார்கள்.

"ஏண்டி இப்படி வெளுத்துப்போயிட்ட?" என்று கிசுகிசுத்தார் பக்கத்திலிருந்த பௌலினா அம்மா. சந்தையில் பழச்சாறு கடை வைத்திருப்பவர்.

டாக்டர் புரட்டினார். பன்னிரண்டாவது பாடம். கண் ஓடியது. அடுத்த பக்கம். பதின்மூன்று, ஜூலை 1. நான் மூச்சு விட்டேன். அவர் கட்டைவிரல் நின்றது. திரும்பிப் பின்னால் போனது.

"ஜூன் இருபத்திநாலு," என்றார் மெதுவாக. "வகுப்பு நடந்துச்சா?"

டாக்ஸி ஓட்டும் தோன் திமொத்தேயோ தொண்டையைச் செருமினார்.

"நாங்க ரொம்ப ஊக்கமா படிக்கறவங்க டாக்டர்."

"அப்படியா? அன்னிக்கு இந்தத் தெருவுல உங்க டாக்ஸிய விடுங்க, ஒரு கழுதைகூட நுழைஞ்சிருக்க முடியாது. எங்க அலுவலகத்துக் குழுவே இந்த வாசல் வழியாத்தான் ஆடிக்கிட்டுப் போச்சு. ராத்திரி எட்டு மணிவரைக்கும் நானும் ஆடினேன். முழங்கால் இன்னும் வலிக்குது. கதவு பூட்டியிருந்தத என் கண்ணால பார்த்தேன்."

"தேதி தப்பா எழுதிட்டேன் டாக்டர்," என்றேன்.

"சரி. சரியான தேதி எது?"

அதற்கு முந்தைய செவ்வாயில் பதினொன்று இருக்கிறது. அடுத்த செவ்வாயில் பதின்மூன்று இருக்கிறது. இடையில் ஒன்றைச் செருக இடமே இல்லாமல் நானே ஒழுங்காக அடைத்துவைத்திருந்தேன்.

"அந்தப் பொண்ண விடுங்க டாக்டர்." ஜன்னலோரத்திலிருந்து மிஸ் மகாலி. "பன்னெண்டாவது பாடம் நடக்கல. ஒம்பதுலேர்ந்து பதினாலுவரை எதுவுமே நடக்கல."

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் நோட்டை மூடினார்.

"அப்ப நடந்தத மகஜரா எழுதிடலாம். வகுப்பு எடுக்காதவங்களுக்கு இன்னிக்கே வேலையிலேர்ந்து நிறுத்தற கடிதம். அது என் கையில இல்ல, விதி. யாருக்கு நல்ல கையெழுத்து? நீயே எழும்மா. நான் சொல்லச் சொல்ல எழுது."

முத்திரைக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். சொல்வதைக் கேட்டு எழுதுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. இடம், நாள், மணி, வந்திருப்பவர்களின் பெயர்கள் எல்லாம் தப்பில்லாமல் வந்தன. கை தானாகவே ஓடியது.

"'ஆசிரியை, ஜூன் மாதம் முதல், செவ்வாய்க்கிழமைகளில் வகுப்பு எடுக்கவில்லை.'"

'செவ்வாய்க்கிழமைகளில்' வரை எழுதினேன். பேனா நின்றது.

"என்ன, வேகமா சொல்றேனா?"

"இல்ல டாக்டர். வகுப்பு எடுத்தாங்க. வேற வகுப்பு."

"உன் நோட்டுலயே இல்லயே."

பையிலிருந்து ரஃப் நோட்டை எடுத்தேன். காப்பிக் கறை, மூலை மடிந்த பக்கங்கள். இதுவரை அதை எந்த ஆசிரியருக்கும் காட்டியதில்லை. முதல்வர் கையை நீட்டினார். நான் டாக்டரிடம் கொடுத்தேன்.

நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து அவர் சத்தமாக வாசித்தார்:

"'ஜூன் 10. என் கேள்வி: யாருடன் பயணம் செய்கிறீர்கள்? ராட்டர்டாமிலிருந்து வந்த ஒரு மனிதர். நிறையப் பேசினார். மனைவி என்ற சொல் மட்டும் புரிந்தது. மனைவியோடு வந்திருக்கிறார் என்று நினைத்து வெரி குட் என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய்விட்டார். மிஸ் சற்றுத் தள்ளி நின்று கேட்டிருக்கிறார். அவர் மனைவி ஜனவரியில் இறந்துவிட்டாளாம். அவள் எடுத்துவைத்திருந்த டிக்கெட்டில்தான் அவர் வந்திருக்கிறார்.'"

அடுத்த பக்கத்தை மனதுக்குள் வாசித்தார். அதில் இருப்பது எனக்குத் தெரியும். வியாழக்கிழமை இரண்டு மணி நேரமும் மிஸ் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: இறப்புச் செய்தி சொல்கிறவரிடம் என்ன பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, புரியாவிட்டால் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது. பௌலினா அம்மா தன் புருஷனை நினைத்து அழுதுவிட்டார். அழுதுகொண்டே ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் சொன்னார். அதுதான் அவர் சொன்ன முதல் முழு வாக்கியம்.

டாக்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். முகம் இளகவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குப் பாட எண் என்ன? எதுல பரீட்சை வைப்பாங்க? உனக்குச் சான்றிதழ் குடுக்கறவன் சதுக்கத்துல வந்து நிப்பானா? எழுது. 'வகுப்பு எடுக்கவில்லை.'"

அவர் கேட்டதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எழுதச் சொன்னதில்தான் தப்பு இருந்தது.

"'பாடத்திட்டத்துக்கு வெளியே வகுப்பு எடுத்தார்'னு சொல்லுங்க டாக்டர். எழுதறேன்."

"நீ எனக்கு டிக்டேஷன் குடுக்கறியா?"

"இல்ல டாக்டர்." பேனாவைக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தேன். "மற்றத எழுத மாட்டேன்."

"எழுதாட்டி என்ன, நான் எழுதறேன்." பேனாவை எடுத்தார். "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

"என் கைநாட்டு வேணும்னா அந்தப் பொண்ணு சொன்னதுக்குத்தான்," என்றார் பௌலினா அம்மா. கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எனக்கும் கை மடங்க மாட்டேங்குது டாக்டர்," என்றார் தோன் திமொத்தேயோ. "உங்க முழங்கால் மாதிரியே."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் வைக்காத மகஜர் எங்கள் ஊரில் வெறும் காகிதம். அது அவருக்கும் தெரியும். வெளியே ஒரு பேருந்து ஏற்றத்தில் திணறியது. டாக்டர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"பாடத்திட்டத்துக்கு வெளியேன்னு எழுதினா எச்சரிக்கை," என்றார் கடைசியில், மிஸ்ஸைப் பார்த்து. "பாக்கி ஆறு பாடத்தையும் ஆகஸ்டு முடியறதுக்குள்ள முடிக்கணும். பரீட்சை வைக்க வெளியாள் வருவாங்க. பாதிப் பேர் தேறாட்டி கடிதம் தானா வரும். சம்மதமா?"

மிஸ் தலையசைத்தார்.

"எழுது. இன்னொரு வரியும் இருக்கு. 'மாணவர்களின் நோட்டுகளில் பொய்த் தேதிகள் இருந்தன.' யார் சொல்லி எழுதினீங்க?"

"நில்டா," என்றார் முதல்வர். வேண்டாம் என்பதுபோல் எனக்கு மட்டும் தெரியும்படி கையை அசைத்தார்.

'முதல்வர் சொன்னார். நான் எழுதினேன். மற்றவர்கள் என்னைப் பார்த்து எழுதினார்கள்,' என்று எழுதினேன். யாரும் சொல்லித்தராமல் நான் எழுதிய வரி அது. எழுத்து கோணலாக வந்தது. பதினோரு பேரும் அடையாள எண் போட்டு, ரேகை வைத்தோம்.

எட்டரை. மாடிப்படியில் மிஸ்ஸைப் பிடித்தேன். அவர் நிற்பார், வழக்கம்போலக் கன்னத்தில் முத்தம் கொடுத்து வழியனுப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

"எழுதாதீங்கன்னு சொன்னேனா இல்லயா?"

"சொன்னீங்க மிஸ்."

"அப்புறம்?"

"நீங்க போயிடுவீங்கன்னு பயந்து..."

"நானே சொல்லியிருந்தா என் தப்பு என் தப்பாவே இருந்திருக்கும். இப்ப பதினோரு பேர் பொய் சொல்லி நான் நிக்கறேன்." ஒரு படி இறங்கித் திரும்பினார். "இன்னிக்குப் பேனாவ வச்சியே, அத போன வாரம் வச்சிருக்கலாம்ல?"

பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"செவ்வாய்க்கிழமை புத்தகத்த எடுத்துட்டு வா," என்றார். "சதுக்கம் கிடையாது. ஒம்பதாவது பாடம்."

மிஸ் இருக்கிறார். அந்தச் செவ்வாய்க்கிழமைகள் இல்லை. இதை லாபம் என்பதா நஷ்டம் என்பதா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். இன்று ஞாயிறு. ஃபேர் நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பதாவது பாடம் முழுவதும் என் கையெழுத்தில், சிவப்புத் தலைப்போடு, ஒரு அடித்தல் இல்லாமல் இருக்கிறது. நோட்டை மூடிவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஒரு வரிகூட வரவில்லை.