லெவலை மூடிய சாயங்காலம்

தங்கச் சுரங்கத்துக்குள்ளே மாட்டியவர்களை இனி எடுக்க முடியாது, பாறை சரிந்த அந்த ஆழத்து லெவலையே மூடப்போகிறோம் என்று துரை சொன்னதை மேஸ்திரி தமிழில் சொன்னான். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் காத்துக்கிடந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஞானசுந்தரி மட்டும் நின்றாள். மூன்று நாளைக்கு முன் பாறை சரிந்த சேதி வந்ததும் ஊரிகம் மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தவள். அன்று முந்தானையில் ஒட்டிய சுண்ணக்கட்டித் தூள் இன்னும் போகவில்லை. அதைத் தட்டிவிட்டாள்.

அவள் புருஷன் எட்மண்ட் கீழே பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிறவன். பக்கத்து லைன் வீட்டுப் பார்வதம்மாவின் புருஷன் தசரதன் பாறையில் துளை போடுகிறவன். இருவரும் ஆளிறக்கும் இரும்புக் கூண்டில், ஒரே கேஜில்தான் இறங்கினார்கள்.

"வாங்க டீச்சரம்மா, போலாம்" என்று பார்வதம்மா கையைப் பிடித்தாள். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது. "இங்க நின்னு இன்னா ஆவப்போவுது."

பாதி வழியில் வெயிலோடு மழை பிடித்துக்கொண்டது. மரக்கட்டை அடுக்கும் கொட்டகையில் ஒதுங்கினார்கள். முதுகுப் பக்கம் சாயங்கால வெயில். எதிரே, மில்லு தங்கக்கல்லை அரைத்துக் கொட்டிய வெள்ளை மணல் மேட்டுக்கு மேல் வானவில் எழுந்தது.

"அவங்க அது மேல ஏறித்தான் போயிருப்பாங்க, இல்ல?" என்றாள் பார்வதம்மா.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஞானசுந்தரியின் வாய் பாடத்தைத்தான் சொன்னது. "அது வெறும் மழைத்தண்ணி பார்வதம்மா. வெயில் துளிக்குள்ள நுழையறப்ப வளையுது. பின்பக்கத்துல பட்டுத் திரும்புது. வெளியே வர்றப்ப மறுபடி வளையுது. ஒவ்வொரு நெறமும் ஒவ்வொரு அளவுக்கு வளையறதால தனித்தனியாத் தெரியுது." வகுப்பில் யாரோ ஒப்பிப்பதைக் கேட்பதுபோல் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள போன வெளிச்சம் திரும்பி வந்துடுதா?"

"வந்துடுது."

பார்வதம்மா வானவில்லை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "நீங்க பாக்கறதும் நான் பாக்கறதும் ஒண்ணுதானே?" என்றாள்.

"இல்ல. உங்க கண்ணுக்கு வர்றது வேற துளிங்கள்லேருந்து, என் கண்ணுக்கு வர்றது வேற துளிங்கள்லேருந்து. ஆளுக்கொரு வில்லு."

அப்படியென்றால் எட்மண்டின் கண்ணுக்குச் சேர வேண்டிய துளிகளும் எங்கோ சும்மா விழுந்துகொண்டிருக்கும். அந்த நினைப்பு வந்தும் அவளுக்கு எங்கும் வலிக்கவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்பதுபோல் அதையே இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தாள். மழை பெய்துகொண்டிருந்தது.

பார்வதம்மா நகர்ந்து வந்து தன் தலையை அவள் தலையோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். நெற்றிப்பொட்டில் ஈரக்கூந்தல் சில்லென்று பட்டது.

"இப்போ?"

எவ்வளவு ஒட்டி நின்றாலும் வேறு வேறுதான். ஞானசுந்தரி அதைச் சொல்லவில்லை. மழை சன்னமாகிக்கொண்டே வந்தது. மணல் மேட்டின் மேல் ஊன்றியிருந்த வில்லின் கால் முதலில் வெளுத்தது. இருவரும் தலையை அசைக்காமல் நின்றார்கள்.