பூங்கோதை மூச்சு விட்டால்

பூங்கோதை மூச்சு விட்டால் பக்கத்தில் இருக்கிற புழு பூச்சி செத்துப்போகும். பிறந்த வீட்டில் பாலும் தயிரும் முட்டையும் கறியுமாக வளர்ந்தவள். மாடு மென்ற சோளத்தட்டையிலும் கோழி கொத்திய தீவனத்திலும் இருந்த பூச்சிமருந்தெல்லாம் அவளிடம் வந்து தங்கிவிட்டது. பருத்திக்காட்டுக்காரர்கள் கூப்பிட்டால் வரப்போரமாக ஒரு நடை நடந்து கொடுப்பாள். அப்புறம் அங்கே மருந்து அடிக்க வேண்டியதில்லை.

அவளைக் கட்டிக்கொண்ட குமரவேலு பட்டுப்புழு வளர்க்கிறவன்.

கல்யாணமான புதிதில் அவனுக்குக் காபி கொண்டுபோனவள், புழு வளர்க்கும் மனைக்குள் நின்று இரண்டு வார்த்தை பேசினாள். வாசல் பக்கத்துப் புழுக்கள் முழுக்க அடங்கிப்போயின. குமரவேலு செத்த புழுக்களைக் கூட்டி அள்ளினான். அதிலிருந்து அவள் மனை ஜன்னலில் அடித்திருந்த வலைக்கு வெளியே, காற்று தன் பக்கம் வீசும்போது மட்டும் வந்து நின்றாள். ஆசையாக ஒரு பேச்சுப் பேசவும் காற்றைப் பார்க்க வேண்டியிருந்தது.

உணவுப் பரிசோதனை அதிகாரியை வரவழைத்தார்கள். அவர் பாலைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், கறியைப் பார்த்தார். கடைசியில் பூங்கோதையின் மூச்சை ஒரு பையில் பிடித்துப் பார்த்தார்.

"பால்ல மருந்து அளவுக்குள்ளதான் இருக்குது. முட்டையும் அளவுக்குள்ளதான். கறியில குத்தமே சொல்ல முடியாது. உங்க சம்சாரம்தான் அளவைத் தாண்டிட்டாங்க."

"அதுக்கு என்னங்க பண்றது?" என்றான் குமரவேலு.

"அவங்களை விக்கக் கூடாது. யாரும் சாப்பிடாமப் பாத்துக்குங்க."

குமரவேலு சரி என்றான்.

பூங்கோதை பாலை விட்டாள், முட்டையையும் கறியையும் விட்டாள். பருத்திக்காட்டு நஞ்சப்பன் ஒரு தூக்கு நிறையத் தயிரோடு வந்தார்.

"காய் பிடிக்கிற நேரம் அம்மணி. ஒரு டம்ளராச்சும் குடிச்சுரு."

"வேண்டாமுங்க. நான் எங்க வீட்டுக்காரர்கூட இருக்கணும்."

கீரை சாப்பிடலாம் என்றால் அதிலும் மருந்து. தக்காளியிலும் மருந்து. ஊரில் மருந்து படாத இலை குமரவேலுவின் மல்பெரி ஒன்றுதான். பட்டால் புழு செத்துவிடும் என்று அக்கம்பக்கத்துக்காரர்கள்கூட அதை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். அவள் அதையே தின்னத் தொடங்கினாள்.

ஒரு நாள் காலையில் மனைக்குள் போய், "ஏனுங்க, வரட்டுங்களா?" என்றாள். புழுக்கள் தின்றுகொண்டே இருந்தன. குமரவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தட்டை நகர்த்தி அவள் உட்கார இடம் பண்ணிக்கொடுத்தான். புழுக்களோடு அவளுக்கும் இலை போட்டான். எல்லோரும் சேர்ந்து தின்கிற சத்தம் ஓட்டில் மழை விழுவதுபோல இருந்தது. இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள்.

கொஞ்ச காலத்தில் அவள் இலையை ஒதுக்கினாள். தலையைத் தூக்கி மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தாள். கூடு கட்டப்போகிற புழுவைப் பார்ப்பதுபோல, குமரவேலு அவள் கழுத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பழுத்த புழுவுக்கு ஆவதுபோலத் தோல் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது.

"பழுத்துட்டியா கோதை?"

"ஆமாங்க."

புழுக்களைக் கூடு கட்ட விடும் மூங்கில் தட்டுகளில் பெரியதாக ஒன்றைத் தேடினான். அவள் கால் நீட்டும் அளவுக்கு எதுவும் இல்லை. இரண்டைச் சேர்த்துக் கட்டினான்.