டெஸ்டுக்கு முந்தின மூன்று நாள்

முப்பிடாதி பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் நல்ல பேர் வாங்கியதில்லை. நாற்பத்தாறு வயதில், ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதிக்காரர்கள் வரிசையில் நின்றுதான் வாங்கினாள்.

மாதம் ஒரு தடவை வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். அளவு கூடியவர்களை நர்ஸம்மா வரிசையே கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்குவார். முப்பிடாதியின் சர்க்கரை அளவு எழுதிய நோட்டை மட்டும் தூக்கிக் காட்டி, "இந்தம்மாவப் பாத்துப் படிங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு மாதம் முழுக்க உச்சி குளிர்ந்து கிடக்கும்.

உண்மை என்னவென்றால், டெஸ்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும்தான் அவள் மாத்திரை போடுவாள். அந்த மூன்று நாளும் சோற்றைத் தொடமாட்டாள். மற்ற நாளில் மாத்திரை சாக்கடைக்குப் போகும். போட்டால் வயிறு கலக்கிவிடுகிறது. சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடத்தில் நாலு தறியை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவள், நினைத்த நேரம் கக்கூஸுக்கு ஓட முடியுமா? இழை அறுந்தால் துணி பாழ். நர்ஸம்மாவிடம் சொல்லியிருந்தால் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருப்பார். சொன்னால் நல்ல பேர் போய்விடுமே. பாவி மகள் அதற்குத்தான் பயந்தாள்.

புருஷன் சங்கரசுப்பு தினமும் கேட்பான். "போட்டுட்டேன்" என்பாள். அவனும் நம்பினான்.

போன மாதம் இடது கண்ணில் கறுப்பாக எதுவோ இறங்கியது. தறி வேலையை விட்டுவிட்டு வர முடியாமல் பத்து நாள் தள்ளினாள். திருநெல்வேலி கண் டாக்டர் பார்த்துவிட்டு, இடது கண் அவ்வளவுதான் என்றார். வலது கண்ணிலும் ரத்தம் கசிகிறது, லேசர் வைத்துப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். மாத்திரை ஒழுங்காகப் போட்டாளா என்று கேட்டார்.

கூட வந்திருந்த சங்கரசுப்பு நோட்டை எடுத்து மேசையில் விரித்தான். "ஒரு வேள விட்டது கெடையாது சார். நர்ஸம்மாவே எல்லாருக்கும் இவளத்தான் காட்டுவாவ."

டாக்டர் அங்கே எடுத்த ரத்த டெஸ்டின் தாளை அவன் பக்கம் தள்ளினார். நோட்டில் இருப்பது அந்தந்தக் காலையின் அளவு, இது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, இதை யாரும் ஏமாற்ற முடியாது என்றார். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? முப்பிடாதி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே கேவலமாக இருந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் ஏசுவான் என்று காத்திருந்தாள். ஏசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவன் கேட்டது ஒன்றுதான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா, ஏட்டி?"

அழுகிறானா என்று பார்க்க முகத்தை அவன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டி அவன் கன்னத்தைத் தடவினாள். நனைந்திருந்தது.