நீக்கிய ஆறு இடங்கள்

ஈசிஜி கோட்டில் இதயத் துடிப்பை எண்ணும் புரோகிராம் எழுதுவது என் வேலை. எண்ணுவதோடு விடாது, எது நல்ல துடிப்பு, எது கோளாறு என்று தீர்ப்பும் சொல்லும். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன வேலை என்று கேட்டால், "டாக்டர்களுக்கே சொல்லிக்குடுக்கிற வேலை" என்பேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

போன மாதம் மாமனாருக்கு இரண்டு தடவை கண் இருட்டிக்கொண்டு வந்தது. என் மகளைப் பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டி வருவது அவர்தான். மனைவி வண்டிச் சாவியை வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டாள். "டெஸ்ட் எடுத்து ஒண்ணும் இல்லைன்னு வரட்டும். அப்புறம் ஓட்டுங்கப்பா" என்றாள். மாமனார் பாவமாக என்னைப் பார்த்தார். ஒன்பது வருடமாக அவரிடம் கெத்துக் காட்டக் காத்திருந்தவன் நான். விடுவேனா?

எங்கள் கம்பெனி மிஷின் உள்ள ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். டெக்னீஷியன் அம்மா அவர் நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ரெக்கார்டரைக் கட்டினார். ஒரு முழுநாள் அதைக் கழற்றக்கூடாது. தலை சுற்றினால் நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் என் புரோகிராம் தீர்ப்புச் சொன்னது: எல்லாம் நார்மல். கடைசிப் பக்கத்தின் அடியில், 'நீக்கிய இடங்கள்: ஆறு' என்று பொடி எழுத்தில் இருந்தது. அதை யார் படிக்கிறார்கள்? சீட்டை நான் திறந்துகூடப் பார்க்காமல் ரெக்கார்டரோடு திருப்பிக் கொடுத்திருந்தேன். டாக்டர் பார்க்கும்வரை பொறுக்காமல் பீரோவைத் திறந்து, விருது வழங்குவதுபோல் மாமனாரிடம் சாவியைக் கொடுத்தேன்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு டெக்னீஷியன் அம்மா போன் செய்தார்.

"சார், உங்க மாமனார் சீட்டுல பதினொண்ணு பத்துக்குக் கண் இருட்டுச்சுன்னு எழுதியிருக்காரு. உங்க மிஷின் அதே நேரத்துல வயர் கழண்டுச்சுன்னு தூக்கிப் போட்டிருக்கு."

"கழண்டிருக்கும்மா."

"வயர் கழண்டா கோடு கிறுக்கும், இல்லைன்னா ஒரு கோடு மட்டும் காணாமப் போகும். இங்க மூணு கோடும் சேர்ந்து நாலு செகண்ட் தட்டையாக் கிடக்கு. வயர் எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு சார். நின்னது துடிப்பு. டாக்டர் உடனே வரச் சொல்றாரு."

அப்படித் தூக்கிப் போடும் விதியை எழுதியவனே நான்தான். வயர் கழன்றாலே இதயம் நின்றுவிட்டதாக மிஷின் சும்மா சும்மா அலறுகிறது என்று ஆஸ்பத்திரிகள் புகார் செய்தபோது, 'இரண்டு செகண்டுக்கு மேல் துடிப்பு இல்லையென்றால் வயர் கழன்றது என்று கொள். அந்த இடத்தை நீக்கு' என்று ஒரே வரியில் எழுதினேன். மறுவாரமே புகார்கள் நின்றன. மேனேஜர் எல்லோர் முன்னிலும் எனக்கு ஒரு காபி கோப்பை பரிசளித்தார். போன் வந்தபோதும் அதில்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் போனை எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார், நல்ல மனுஷன். பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். லிஃப்டுக்கு நிற்காமல் ஆபீஸின் ஐந்து மாடியும் இறங்கித் தெருவில் ஓடினேன். என் சொந்த இதயத் துடிப்பு அப்போது எத்தனை என்று என் புரோகிராமாலும் சொல்லியிருக்க முடியாது.

பள்ளி வாசலில் மாமனார் வண்டியைக் கிளப்பிவிட்டார். பின்னால் மகள் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். குறுக்கே போய் நின்றேன்.

"சாவியக் குடுங்க மாமா."

"ஏன் மாப்பிள்ளை? எல்லாம் நார்மல்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னது தப்பு மாமா."

அவர் வண்டியை நிறுத்திச் சாவியைக் கொடுத்தார். "ஏன்ப்பா இப்படி ஓடி வந்தீங்க?" என்று மகள் கேட்டாள். பயம் என்று உள்ளதைச் சொன்னேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாளில் துடிப்பு நின்றால் தட்டிவிடும் பேஸ்மேக்கரை நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். அந்த ஒரு வரியை நான் அழித்துவிட்டேன். மிஷின் மறுபடி அலறுகிறது, புகார்கள் மறுபடி வருகின்றன. கோப்பையைத் திருப்பிக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

கண் விழித்த மாமனார் நெஞ்சுக் கட்டைத் தடவிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதுக்குப் புரோகிராம் எழுதினது யாரு?"

"வேற கம்பெனி மாமா."

"அப்ப சரி" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இந்தத் தடவை மனைவி வேறு பக்கம் திரும்பவில்லை. நேராக என்னையே பார்த்தாள்.