எல்லைக்கல்லோடு முடிந்த ஆறு

ஃபிதெலினாவின் குளத்தில் அன்று காலையும் முப்பது ஜிலேபி மீன்கள் செத்து மிதந்தன. காரணம் ஊருக்கே தெரியும். மேலே ஹோண்டுராஸ் பக்கம் காப்பி ஆலைக்காரன் பழச்சக்கைத் தண்ணீரை ஆற்றில் திறந்துவிடுகிறான். அது எல்லை தாண்டி எல் சால்வடாருக்குள் வந்து நேரே அவள் குளத்தில் பாய்கிறது. மிச்ச மீனும் போனால் அவள் பிழைப்பு அவ்வளவுதான்.

நான்காவது தடவையாக மலையேறி அந்தப் பக்கத்து நீர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி தோன் எவரிஸ்தோ கெட்டவரல்ல. காகிதத்தில் இல்லாதது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் வினை.

"தமரிந்தோன்னு எங்க நாட்டுல ஆறே கிடையாதும்மா."

"நீங்க அதை அகுவா லிந்தாங்கறீங்க, நாங்க தமரிந்தோங்கறோம். தண்ணி ஒண்ணுதான் சாமி!"

"அகுவா லிந்தா எல்லைக்கல்லோட முடிஞ்சுபோச்சு, பாருங்க."

வரைபடத்தில் நீலக்கோடு கல்லோடு நின்றது. அவள் நாட்டு வரைபடமோ, ஆறு அந்தக் கல்லடியில்தான் பிறக்கிறது என்றது. எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது!

"முடிஞ்ச ஆத்தைக் கல்லு குடிச்சிடுதா?"

"கத்தாதீங்க. வெள்ளிக்கிழமை நேர்ல வந்து பாக்கறேன்."

சொன்னபடி வந்தார். கல்லருகே பாறையில் நின்று, 'ஆறு முடியும் இடம் பார்வையிடப்பட்டது' என்று எழுதி, முத்திரைப் பெட்டியை எடுத்தார். கால் வழுக்கியது. மனிதர் தப்பித்தார்; மரப்பெட்டி தண்ணீரில் விழுந்து, கல்லைத் தாண்டி மிதந்து போனது.

"ஐயோ, பிடிங்கம்மா! அரசாங்க முத்திரை! வேலையே போயிடும்!"

ஃபிதெலினா இடுப்பில் கைவைத்து நின்றாள். "அதெப்படிப் போகும்? ஆறுதான் முடிஞ்சுபோச்சே."

அவர் காதில் எதுவும் விழவில்லை. சப்பாத்து நனைய, கரையோரமாகவே ஓடினார். குளத்தின் மூங்கில் தட்டியில், செத்த மீன்களுக்கு நடுவே பெட்டி சிக்கிக் கிடந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிவதற்குள் அவள் அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"இது எதுல வந்துச்சுன்னு எழுதுங்க."

"எந்தப் பேரை எழுதறது?"

"ரெண்டையும்!"

அகுவா லிந்தா எல்லைக்கு அப்பால் தமரிந்தோ என்ற பெயரில் ஓடுகிறது, ஆலைத் தண்ணீரால் மீன் சாகிறது என்று எழுதினார். கடைசி வரியில் பேனா நின்றது.

"இடம்னு ஒரு கட்டம் இருக்கு. இங்க முத்திரை குத்தினா செல்லாதும்மா. உங்க நாட்டுக்குள்ள வர எனக்கு அனுமதிச் சீட்டு இல்ல. காகிதப்படி நான் இங்க வரவேயில்ல."

இந்த மனிதரை என்னதான் செய்வது? ஒரு செத்த மீனை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"அப்ப இதுவும் சாகல. நடங்க மேல. கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னு குத்துங்க. அதுவரைக்கும் பெட்டி எங்கிட்ட."

அவர் மீனைப் பிடித்தபடி முன்னே நடந்தார். கல் வந்தும் ஆறு நிற்கவில்லை. அந்தப் பக்கம் போய் நின்று அதைப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தப் பெட்டிக்காகக் கையை நீட்டினார்.